நாலு முறை மாற்றிய பேரிங்: ஏற்காடு ஏறும் ஒரு சைக்கிளின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலத்தில் எங்கள் பட்டறைக்கு வரும் கியர் சைக்கிள்களில் பெரும்பாலானவை ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏறி இறங்குபவை. விடியும் முன் கோரிமேட்டைத் தாண்டி, அடிவாரத்தில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஒண்டிக்கடை பக்கம் டீ குடித்துவிட்டு வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவார்கள். சமவெளியில் மாதக்கணக்கில் தெரியாத கோளாறு இந்த மலைப்பாதையில் இரண்டே வாரத்தில் வெளியே வந்துவிடும். ஏறும்போது மெதுவான, கனமான மிதி. இறங்கும்போது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக விடாத பிரேக். மழை பெய்தால் செம்மண் நீர் மிதி அச்சு சுற்றும் பாட்டம் பிராக்கெட் வரை தெறிக்கும்.

இங்கே எழுதப்போவது அப்படி ஏறி இறங்கும் ஒரு சைக்கிளைப் பற்றி. சொந்தக்காரர் பள்ளி ஆசிரியர், நாற்பத்தைந்தைக் கடந்தவர், எடை 74 கிலோ. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார். சைக்கிள் 29 அங்குலச் சக்கரம், அலுமினிய ஃப்ரேம், முன்னால் 100 மி.மீ. இறங்கி ஏறும் காற்று ஃபோர்க், பின்னால் சஸ்பென்ஷன் இல்லை. இரண்டு பக்கமும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். பின்சக்கரத்தை ஃப்ரேமோடு பிணைப்பது 12 மி.மீ. த்ரூ ஆக்ஸில், அதாவது சக்கரத்தின் நடுவே நுழைத்து முறுக்கும் தண்டு. இரண்டு வருடம் முன்பு பெங்களூரில் பழைய வண்டியாக வாங்கியது.

அவர் சொன்ன வரலாறு இது. முதலில் வேறோர் இடத்தில், அக்டோபரில், பின் ஹப்பின், அதாவது பின்சக்கரத்தின் மையக் கூட்டின், இரண்டு பேரிங்குகளையும் மாற்றினார்கள். மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் பேரிங் கொடுக்கும் இடத்தில் வாங்கியது. இரண்டு பக்கமும் தகட்டு மூடி போட்டது, மேலே சி3 என்று பொறித்திருந்தது. அது நாலு மாதம் ஓடியது. பிப்ரவரியில் ரப்பர் சீல் போட்ட நல்ல கம்பெனிப் பேரிங். அது இரண்டரை மாதம். ஏப்ரல் கடைசியில் 4,200 ரூபாய் கொடுத்து ஆன்லைனில் செராமிக் பேரிங் ஜோடி ஒன்று வரவழைத்துப் போட்டார். அது ஏழு வாரம்.

விலை ஏற ஏற ஆயுள் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அன்று இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அதில் ஒரு துப்பு இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைக்கு வந்த நாள்

ஜூன் மூன்றாவது வாரம் வந்தார். "தம்பி, காசு போனா போகுது. இதைவிட நல்ல பேரிங் எதுன்னு பாத்துப் போட்டுருங்க" என்றார். அதோடு இன்னொரு குறையும் சொன்னார்: இறங்கும்போது முன் ஃபோர்க் கல் மாதிரி இருக்கிறது, இரண்டு உள்ளங்கையும் மரத்துப்போகிறது, புது ஃபோர்க் 35,000 ரூபாய்க்குப் பார்த்து வைத்திருக்கிறேன், மாட்டித் தருவீர்களா என்று.

சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றிப் பார்த்தோம். பின்சக்கரத்தின் விளிம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் நன்றாகத் தெரியும் ஆட்டம். சுற்றிவிட்டு ஃப்ரேமில் கை வைத்தால் மணல் அரைபடுகிற அதிர்வு. ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நேராக வரும் இடத்தில் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றது. ஹேண்டில் திரும்பும் இடமான ஹெட்செட்டின் கீழ்ப் பேரிங் போயிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

பின் ஹப்பைக் கழற்றினோம். செராமிக் பேரிங்கின் சீலை ஊசியால் நெம்பி எடுத்தபோது உள்ளே கிரீஸ் பால் அதிகம் ஊற்றிய காபியின் நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்த கிரீஸ். எப்படிக் கழுவுகிறீர்கள் என்று கேட்டேன். ஏற்காடு போய்வந்த மறுநாள், திங்கட்கிழமைதோறும் பைக் வாட்டர் வாஷ் செய்யும் இடத்தில் கொடுத்துவிடுவாராம். அவர்கள் பிரஷர் கன்னால் அடித்துத் தந்துவிடுவார்கள்.

காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தோம்.

முதல் முடிவும் அதில் விட்டதும்

அன்று எடுத்த முடிவு மூன்று. பின் ஹப்புக்கு இருபுறமும் தொடும் ரப்பர் சீல் உள்ள சாதாரண ஸ்டீல் பேரிங். 6902 என்ற எண், உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மி.மீ. ஹெட்செட்டின் கீழ்ப் பேரிங் புதிது. வாட்டர் வாஷ் நிறுத்தம்.

ஏன் செராமிக் வேண்டாம் என்றோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், பலரும் கேட்பதால். இந்த விலையில் கிடைப்பதில் குண்டுகள் மட்டும்தான் செராமிக். அவை ஓடும் வளையங்களான உள் ரேஸும் வெளி ரேஸும் ஸ்டீல்தான், தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும். குண்டு ஸ்டீலைவிடக் கடினம் என்பதால் அழுக்கு நுழைந்தால் அடிபடுவது ரேஸ். வேகத்தைப் பாருங்கள்: 29 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.3 மீட்டர். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 217 சுற்று. வீட்டுக் கூரையில் ஓடும் ஃபேன் இதைவிட வேகமாகச் சுற்றும். இந்த வேகத்தில் நல்ல ஸ்டீல் பேரிங்குக்கும் செராமிக்குக்கும் உள்ள உராய்வு வித்தியாசத்தைக் காலால் உணர முடியாது. ஏபெக் எண் பெரிதாக இருக்கிறது என்று கூடுதல் காசு கொடுப்பதும் அப்படித்தான்; அது அளவின் துல்லியத்துக்கான தரம். மழைச் சேற்றில் நிமிடத்துக்கு இருநூறு சுற்று சுற்றும் ஹப்புக்குத் தேவை நல்ல சீலும் போதுமான கிரீஸும்.

இதுவரை சொன்னதில் இன்றைக்கும் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அன்று செய்யாமல் விட்டது ஒன்று உண்டு. கழற்றிய செராமிக் பேரிங்கின் ஒரு சீலை மட்டும் திறந்து, தண்ணீரைக் கண்டதும், மீதியைப் பார்க்காமல் பழைய இரும்பு டப்பாவில் போட்டுவிட்டோம். ஒரு காரணம் கண்ணில் பட்டதுமே தேடுவதை நிறுத்திவிட்டோம்.

ஐந்து வாரம் கழித்து

ஜூலை கடைசியில் அவர் திரும்ப வந்தார். கோபப்படவில்லை. வாட்டர் வாஷ் பக்கமே போகவில்லை, வாளியும் ஸ்பாஞ்சும்தான் என்றார். நம்பினேன், ஹெட்செட் வெண்ணெய் மாதிரித் திரும்பியது. பின்சக்கரத்தில் மட்டும் அதே மணல் அதிர்வு ஆரம்பித்திருந்தது.

இந்த இடத்தில் முக்கியமானதைக் கவனித்தது எங்கள் கடையில் வேலை பழகும் தம்பி. சக்கரத்தைக் கழற்றி, ஆக்ஸில் முனைகளை இரண்டு கையிலும் பிடித்துச் சுற்றிப் பார்த்தவன், "அண்ணா, கையில வச்சா சும்மா சுத்துது, வண்டியில மாட்டி டைட் பண்ணா புடிக்குதே" என்றான். மாட்டினோம். த்ரூ ஆக்ஸிலைத் தளர்வாக விட்டுச் சக்கரத்தைச் சுழற்றினால் நீண்ட நேரம் சுற்றி, வால்வின் எடையால் முன்னும் பின்னும் ஊசலாடித்தான் நின்றது. ஃப்ரேமில் எழுதியிருந்த டார்க் (முறுக்கும் விசை) அளவுக்கு முறுக்கிவிட்டுச் சுழற்றினால் ஊசலாடாமல் கையால் நிறுத்திய மாதிரி நின்றது. பிரேக் உரசுகிறதோ என்று டிஸ்கைப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றிவிட்டும் பார்த்தோம். மாற்றமில்லை.

இறுக்கினால் பிடிக்கிறது என்றால் பேரிங்கின் மேல் பக்கவாட்டில் சுமை ஏறுகிறது என்று அர்த்தம். இந்த வகைப் பேரிங் மேலிருந்து வரும் சுமையைத் தாங்கச் செய்யப்பட்டது. உள் ரேஸை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தால் அதிக நாள் தாங்காது.

இந்த முறை பழைய பேரிங்கை முழுக்கப் பிரித்தோம். இரண்டு சீலையும் எடுத்து, நைலான் கூண்டை நெம்பி வெளியே தள்ளி, குண்டுகளை எல்லாம் ஒரே பக்கமாக ஒதுக்கினால் உள் ரேஸ் தானாகக் கழன்று கையில் வரும். மண்ணெண்ணெயில் கழுவி, பனியன் வேஸ்ட்டில் துடைத்து, செல்போன் டார்ச்சின் கீழே லென்ஸ் வைத்துப் பார்த்தோம். குண்டு ஓடிய தடம் பள்ளத்தின் நடுவில் இல்லை. உள் ரேஸில் ஒரு ஓரத்தை ஒட்டிப் பளபளவென்று ஒரு கோடு. வெளி ரேஸில் அதற்கு எதிர் ஓரத்தில் இன்னொரு கோடு. அந்தக் கோட்டின் மேல் நகத்தை ஓட்டினால் மேற்பரப்பு உரிந்திருப்பது தட்டுப்பட்டது. துரு எங்கும் இல்லை. தண்ணீரால் கெட்ட பேரிங்கில் துருவும் சொரசொரப்பும் பள்ளம் முழுக்கப் பரவியிருக்கும். இது அப்படியில்லை.

உடனே இரும்பு டப்பாவைக் கொட்டித் தேடினோம். நல்லவேளையாக அந்தச் செராமிக் ஜோடி அதிலேயே கிடந்தது. பிரித்துப் பார்த்தால் துருவும் இருந்தது, அதற்கு அடியில் அதே ஓரத்துக் கோடும் இருந்தது.

ஹப்புக்குள் இருந்தது

ஹப்பின் குழியை வெர்னியர் காலிப்பரின் ஆழக் கம்பியால் அளந்தோம். ஹப்பின் முகத்திலிருந்து பேரிங் போய் முட்ட வேண்டிய படி வரை ஆழம் 7.5 மி.மீ. பேரிங்கின் அகலம் 7. ஆகவே சரியாக உட்கார்ந்த பேரிங் முகத்தைவிட அரை மில்லிமீட்டர் உள்ளே இருக்க வேண்டும். வலப் பக்கம் அப்படித்தான் இருந்தது. இடப் பக்கம், பேரிங்கை எடுப்பதற்கு முன் குறித்து வைத்த அளவு, 0.2 மட்டும்.

பேரிங்கை எடுத்துவிட்டுக் குழிக்குள் டார்ச் அடித்தால் கிரீஸும் கறுப்பும்தான் தெரிந்தது. துடைத்தோம், இன்னும் ஒன்றும் தெரியவில்லை. பல் குத்தும் குச்சியின் நுனியைப் படியின் மூலையில் வைத்துச் சுற்றிலும் இழுத்துக்கொண்டே வந்தபோது ஓரிடத்தில் தட்டி நின்றது. அலுமினியச் சுருள். வெட்டிய நகத்தின் கீற்றைவிடச் சிறியது. படியோடு ஒட்டி, அடித்த அடியில் தட்டையாகி, ஹப்பின் பாகம் மாதிரியே ஆகியிருந்தது. முதன்முறை பேரிங் போட்டவர் சாய்வாக வைத்துச் சுத்தியலால் அடித்திருக்க வேண்டும். பேரிங்கின் விளிம்பு குழியின் சுவரைச் சீவிக்கொண்டே இறங்கியிருக்கிறது. சுவரில் அந்தக் கீறல் இன்னும் தெரிகிறது.

அதற்குப் பிறகு போட்ட ஒவ்வொரு பேரிங்கும் இந்தச் சுருளின் மேல்தான் உட்கார்ந்தது. நாங்கள் போட்டதும் சேர்த்து. 0.3 மி.மீ. இடைவெளி, அதாவது வெளி ரேஸ் படியைத் தொடாமல் வெளியே நிற்கிறது. ஆக்ஸிலை இறுக்கியதும் ஃப்ரேமின் அழுத்தம் உள் ரேஸை மட்டும் அந்த இடைவெளிக்குள் தள்ளுகிறது. இரண்டு பேரிங்குகளும் நாள் முழுக்கப் பக்கச்சுமையில் ஓடுகின்றன.

அவர் முதலில் சொன்ன வரலாறும் இப்போது புரிந்தது. சி3 என்றால் குண்டுக்கும் ரேஸுக்கும் நடுவே சாதாரண அளவைவிடக் கூடுதல் இடைவெளி விட்டுச் செய்த பேரிங், சூடாகும் மோட்டாருக்கானது. அந்தக் கூடுதல் இடைவெளி பக்கவாட்டுத் தள்ளலைக் கொஞ்சம் விழுங்கியிருக்கிறது. அதனால்தான் சைக்கிளுக்குப் பொருந்தாத, சீல் கூட இல்லாத அந்த மலிவுப் பேரிங் நாலு மாதம் தாங்கியது. அடுத்து வந்தவை நெருக்கமான இடைவெளி உள்ளவை. அவற்றுக்கு விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

சுருளை நெம்பி எடுத்தோம். மூலையைப் பிளாஸ்டிக் குச்சியாலும் துணியாலும் சுத்தம் செய்தோம். உப்புத்தாள் போடவில்லை, குழி பெரிதாகிவிடக் கூடாது. புதிய பேரிங்கை இறக்க, லேத் பட்டறையில் 27.8 மி.மீ. விட்டத்தில் இரண்டு தடிமனான வாஷர் கடைந்து வாங்கி, திரெட் ராடும் நட்டும் போட்டு மெதுவாக முறுக்கி உள்ளே இழுத்தோம். வாஷர் வெளி ரேஸை மட்டும் தொடும்படி நடுவில் குடைந்தது. உள் ரேஸை அழுத்திப் பேரிங்கை இறக்கினால் குண்டுகள் ரேஸில் பள்ளம் போட்டுவிடும், புதுப் பேரிங் அங்கேயே பழசாகிவிடும். இறக்கியபின் அளந்தோம்: இரண்டு பக்கமும் 0.5. வண்டியில் மாட்டி முழு டார்க்கில் இறுக்கிச் சுற்றியபோது சக்கரம் ஊசலாடி நின்றது.

முதல் முறை வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தோம். பேரிங் காசு வாங்கவில்லை.

முன் ஃபோர்க்

புது ஃபோர்க் வாங்குவதை ஜூனிலேயே தள்ளிவைக்கச் சொல்லியிருந்தோம். ஆகஸ்டில், ஹப் வேலை நடக்கும்போதே, இருப்பதைத் திறந்தோம்.

திறக்கும் முன் கேட்டதும் பார்த்ததும்: காற்று 120 பிஎஸ்ஐ. யாரோ சொன்ன கணக்கு. ஆள் ஏறி உட்கார்ந்ததும் ஃபோர்க் தானாக இறங்கும் அளவைச் சேக் என்போம், 100 மி.மீ. ஃபோர்க்குக்கு 20 மி.மீ. அளவில் வைத்தால் இவர் ஓட்டுகிற பாதைக்குப் பொருந்தும். இவருக்கு 8 மி.மீ.தான் இறங்கியது. பளபளப்பான மேல் குழாயில் இருக்கும் ரப்பர் வளையம், ஏற்காட்டிலிருந்து இறங்கியபின்னும் 55 மி.மீ.க்கு மேல் போனதில்லை. பாதி ஃபோர்க்கைத்தான் இவர் பயன்படுத்தியிருக்கிறார். அப்புறம், குழாய் 'வழுவழுன்னு இருக்கட்டும்' என்று துரு நீக்கும் ஸ்ப்ரேயை வாராவாரம் அடித்திருக்கிறார். அது சீலுக்குள் ஊறி அங்கிருக்கும் எண்ணெயையும் கிரீஸையும் கழுவிக் கொண்டுபோய்விடும்.

காற்றை முழுக்க இறக்கிவிட்டுத்தான் கீழ் போல்ட்டில் கை வைக்க வேண்டும். அமுங்கிய ஃபோர்க் திரும்ப எழும் வேகத்தை வைக்கும் ரீபௌண்டு குமிழ் எத்தனை கிளிக்கில் இருந்தது என்று எழுதி வைத்துக்கொண்டோம். போல்ட்டை மூன்று சுற்று தளர்த்தி ரப்பர் சுத்தியலால் தட்டி, கீழ்க் கால்களை உருவியபோது இடது காலிலிருந்து அரை டீஸ்பூன் கறுப்புத் திரவம் வந்தது. வலது காலிலிருந்து ஒன்றுமே வரவில்லை. சீலுக்குக் கீழே இருக்கும் ஸ்பாஞ்ச் வளையம் காய்ந்து, கையில் எடுத்ததும் உதிர்ந்தது. மேல் குழாய் வழுக்கி ஓடும் புஷ்ஷில் தேய்மானம் அதிகமில்லை. மேல் குழாயில் மெல்லிய கீறல்கள் உண்டு, பூச்சு போகவில்லை. பூச்சு போய் உள் அலுமினியம் தெரிந்திருந்தால் சர்வீஸ் பயனற்றது என்று சொல்லியிருப்போம்.

புதிய சீல், எண்ணெயில் ஊறவைத்த புதிய வளையம், தயாரிப்பாளர் அட்டவணையில் சொன்ன அளவு எண்ணெய். அளவு சில மில்லிதான். கண்மதிப்பில் ஊற்றாமல் சிரிஞ்சில் எடுத்து ஊற்றினோம். காற்றைக் குறைத்துக் குறைத்து 20 மி.மீ. சேக் வரும் இடத்தில் நிறுத்தினோம். அது 78 பிஎஸ்ஐ. உதிரிக்கும் கூலிக்கும் சேர்த்து 2,900 ரூபாய் ஆனது. அடுத்த ஞாயிறு இறங்கி வந்து, "கையை உதற வேண்டிய வேலையே இல்லை தம்பி" என்று சொன்னபோது எனக்கு இருந்த நிம்மதி பெரிது.

தொடர்ந்து நடந்தது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. எட்டு ஞாயிறு ஏறியிருக்கிறார், இரண்டு முறை முழு மழையில், ஒரு முறை குப்பனூர் வழியாக. ஈரத்தில் போய்வந்த அன்றே சைக்கிளைத் தலைகீழாக வைக்காமல் நிறுத்தியபடியே மக்கால் தண்ணீர் ஊற்றி, ஹப் பக்கம் துணியால் மட்டும் துடைக்கச் சொல்லியிருந்தோம்.

டிசம்பரில் ஒரு காலை ஏற்காட்டிலிருந்து போன். ஃபோர்க் மெத்தென்று இருக்கிறது, பம்ப் மாட்டினால் 68 காட்டுகிறது, லீக்கா என்றார். லீக் இல்லை. சேலத்தில் பகல் வெப்பத்தில் அடைத்த காற்று, மலைமேல் காலைக் குளிரில் மூன்று நாலு பிஎஸ்ஐ குறையும். பம்ப்பை மாட்டியதும் அதன் ஹோஸை நிரப்பக் கொஞ்சம் காற்று ஃபோர்க்கிலிருந்து வெளியே வரும், மானியில் அதுவும் குறைவாகத் தெரியும். கழற்றும்போது வரும் 'புஸ்' ஹோஸின் காற்று. எதையும் செய்யாமல் இறங்கி வாருங்கள் என்றேன். மாலையில் கடையில் சேக் அளந்தோம், 21 மி.மீ.

ஜனவரியில், ஐந்து மாதம் முடிந்ததும், கெடாத ஹப்பை வேண்டுமென்றே திறந்தோம். சீலைத் தூக்கினால் கிரீஸ் போட்ட நிறத்திலேயே இருந்தது. ஓரத்தில் மட்டும் லேசான கறுப்பு. சீலை மூடித் திரும்ப மாட்டினோம்.

இனி மாற்றிக்கொண்டது

எங்கள் பட்டறையில் இப்போது கழற்றிய பேரிங்கைப் பிரித்துத் தடத்தைப் பார்க்காமல் புதுசு போடுவதில்லை. ஐந்து நிமிட வேலை. பேரிங் உட்காரும் குழியின் ஆழத்தை முன்னும் பின்னும் அளந்து பில்லின் பின்பக்கம் எழுதுகிறோம். சக்கரத்தைக் கையில் சுற்றிப் பார்த்து அனுப்பிய பழக்கம் போய், வண்டியில் முழு டார்க்கில் இறுக்கிய பிறகு சுற்றிப் பார்த்து அனுப்புகிறோம். வண்டி எத்தனை நாளுக்கொரு முறை என்ன பேரிங் தின்றது என்று சொந்தக்காரர் சொல்வதை வரிசையாகக் குறித்துக்கொள்கிறோம். எந்தப் பேரிங் அதிக நாள் தாங்கியது என்பதையும் சேர்த்து. ஃபோர்க்கின் கீழ்க் கால்களுக்கு 50 மணி நேரத்துக்கு ஒரு சர்வீஸ் என்பது வழக்கமான கணக்கு. ஞாயிறுதோறும் நாலு மணி நேரம் ஓட்டுபவருக்கு அது ஏறக்குறைய மூன்று மாதம்.

ஒரு விஷயம் முடியாமல் இருக்கிறது. இடப் பக்கக் குழியின் சுவரில் அந்தச் சுருள் சீவப்பட்ட கீறல் அப்படியே உள்ளது. ஆகஸ்டில் பேரிங்கை இழுத்தபோது வலப் பக்கம் கொடுத்த எதிர்ப்பை இடப் பக்கம் கொடுக்கவில்லை. அடுத்த முறை இன்னும் தளர்வாக இறங்கினால் பிடிமானப் பசை போட்டு ஒரு முறை ஓட்டலாம். கையால் தள்ளியே உட்கார்ந்துவிட்டால் ஹப்பை மாற்றத்தான் வேண்டும். அவரிடம் சொல்லிவிட்டோம். ஃபோர்க்குக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில் அதற்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்றார்.